சபைச் சால்வை

— சுடுகாட்டுத் துணிய வூட்டுக்கு எடுத்தாந்தியாமே, ரேணு! பஜார்ல தலை காட்ட முடியலடி எனக்கு.

— உள்ள வாண்ணா. வாசல்ல நின்னுகினு கத்தாத.

— உள்ள எப்பிடி வர்றது? படவேட்டம்மனுக்குக் காப்புக் கட்டிகினு கீறேன். அந்தத் துணி எங்க கீது, அத்தச் சொல்லு மொதல்ல.

— வூட்டுக்குள்ள இல்ல. தோட்டத்துல, வெந்நீர் அடுப்புப் பக்கம் மூட்டையா கட்டி வெச்சிருக்கிறேன். நீ சுத்திகினு பின்பக்கமா வா.

— வரேன் வரேன். இந்தா, கல்லு மேலயே ஒக்காந்துக்கறேன். தா பாரு, அந்த மூட்டைய அப்பால தள்ளு. ஆரு போயி வாங்கியாந்தது இத்த?

— நான்தான்.

— நீயா! பொணம் எரிக்கற காத்தவராயன் வூட்டு வாசல்ல போயி நின்னு, எம் புருசன் மேலேர்ந்து எடுத்த துணியத் திருப்பிக் குடுன்னு கேட்டியா?

— ஆமா. எனக்காக வேற யாரு போயி கேப்பாங்க?

— அது அவன் பாத்தியம்டி. பொணத்து மேல போட்ட துணி எரிக்கறவனுக்கு. ஆரணி ஊரு உண்டானதுலேர்ந்து ஒருத்தன் திருப்பிக் கேட்டதில்ல. இப்ப ஜெயவேல் மொதலாளி தங்கச்சி கேட்டுட்டா. டீக்கடையில என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டானுங்க. அடச்சே!

— எனக்கு மட்டும் நாக்கு எழுந்துச்சா? அந்தத் தெரு முனைக்குப் போறதும் திரும்பறதுமா நின்னேன். புளிய மரத்தடியில ஏதோ தேடற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். கடைசியில அவன் பொண்சாதி சின்னபொண்ணுதான் பாத்துட்டு, டைப்பு சாரு வூட்டம்மாதானே, என்னாம்மா தேடறீங்கன்னு கேட்டா.

— சும்மா தூக்கிக் குடுத்துட்டாளா?

— சும்மா வாங்க அது என் சொத்தா? மாத்துக்குச் சீலை குடுத்தேன்.

— இன்னா சீலை?

— கருமாதி அன்னிக்கு நீ எனக்குப் போட்ட கோடி.

— அடச்சே, அடச்சே! பொறந்த வூட்டுக் கோடிடி! அண்ணங்காரன் போட்டது! சுத்தப் பட்டு அது, தெரியுமா உனக்கு?

— சுத்தப் பட்டுதான். பாத்துட்டுத்தான் குடுத்தேன்.

— பாத்துட்டா? இன்னாத்தப் பாத்த?

— ஒண்ணுமில்ல. மோர் குடிக்கிறியா?

— வெளியில பச்சத் தண்ணிகூடக் குடிக்கறதில்ல, காப்பு அவுக்கற வரைக்கும். பேச்ச மாத்தாத. எதுக்குடி உனக்கு இந்தச் சனியன்?

— எனக்கு இல்லண்ணா. ஐகோர்ட்டு கேக்குது.

— அந்த கேஸ்தான் மாப்ளயோட போச்சே.

— போவல. அவரு பேரு இருந்த எடத்துல என் பேரப் போட்டுட்டாரு பத்மகுமார் வக்கீலு. இப்ப கேஸ் போட்டவ நான்தான்.

— நீயா? பட்ஜெட்டுன்னா இன்னான்னு தெரியுமாடி உனக்கு? சட்டசபை எந்தத் தெசையில கீதுன்னு தெரியுமா?

— தெரியாது. ஆனா அவரு டைப்படிச்சதெல்லாம் பக்கத்துல ஒக்காந்து நான்தான் ஒத்துப் பாத்தேன். அவரு அடிச்சத நான் படிப்பேன், அவரு கையெழுத்துப் பிரதியப் பாத்துகினே வருவாரு. அஞ்சு வருஷம் படிச்சா யாருக்கும் புரியும்.

— இன்னா புரிஞ்சுது? சொல்லு, கேக்கறேன். எனக்கு இன்னிவரைக்கும் புரியல, அந்த மனுசன் எதுக்காவ பஸ்ஸு பஸ்ஸா ஏறினான்னு.

— பெங்களூர்ப் பட்டு வெலை ஏறி தறியெல்லாம் நின்னு போச்சே ஒரு வருஷம், கொசப்பாளையத்துல கஞ்சி ஊத்தினாங்களே, நெனப்பு இருக்குதா?

— அத்த மறப்பனா? என் கொட்டாயிலயே பாதித் தறி ஒட்டடை கட்டிகினு கெடந்துது.

— நின்னு போன தறிக்கு நிவாரணம்னு சொல்லி சட்டசபையில எல்லாரும் கை தூக்கி ஒதுக்கின பணம் அது. நம்ம தெருவுக்கு வரல. சபைக்கு ஏதோ விழா வந்துச்சு, மெம்பருங்களுக்கு ஆளுக்கொரு பட்டுச் சால்வையா போயிடுச்சு. எதுக்குன்னு ஒதுக்கினீங்களோ அதுக்கு ஏன் செலவு பண்ணலன்னு அவரு கேட்டாரு. கேஸே அவ்ளோதான்.

— அந்தச் சால்வைய நெய்ஞ்சது ஆரு? நம்ம ஆளுங்கதானே? என் கொட்டாயிலதானே ஓட்டினேன்? ஒட்டடை கட்டின தறிய அந்த ஆர்டருதானே ஓட வெச்சுது? அதுல மண்ணப் போட வந்தான்னுதான் ஊரு மாப்ளயத் திட்டிச்சு. என் காதுபடவே திட்டினாங்க. கேஸ்காரன் மச்சான் போறான் பாருன்னாங்க.

— கவர்மெண்டு வக்கீலும் இதையேதான் சொன்னாராம். நெசவாளிகிட்டதானே வாங்கினோம், அப்ப பணம் நெசவாளிக்குத்தானே போச்சுன்னு.

— நாயம்தானே?

— மொதல்ல கேட்ட ஜட்ஜு, சபைக்குள்ள நடந்தத கோர்ட்டு கேக்கக்கூடாதுன்னு தள்ளிட்டாரு. இவரு விடாம அப்பீலு போனாரு. அங்க இருந்த ஜட்ஜுங்கதான், சபையில பேசினத நாங்க கேக்க மாட்டோம், சபை ஒண்ணுக்குன்னு குடுத்தது வேற ஒண்ணுக்குப் போயிருந்தா அத்தக் கேப்போம்னு சொன்னாங்க. பட்டு வாங்கினோம், பட்டுக்கு உண்டான கூலி நெசவாளிக்குப் போச்சுன்னு சொல்றீங்கல்ல, அந்தப் பட்டுல ஒண்ணு எடுத்துகினு வாங்க, பாக்கறோம்னுட்டாங்க.

— மெம்பருங்கள எடுத்தாரச் சொல்றதுதானே? நீ எதுக்கு சுடுகாட்டுக்கு ஓடணும்?

— ஒருத்தர்கிட்டயும் இல்லியாம். ஒருத்தரு எலி கடிச்சிடுச்சின்னு எழுதிக் குடுத்தாராம். ஒருத்தரு சாமிக்குச் சாத்திட்டாராம். இன்னொருத்தரு, மருமகனுக்குக் குடுத்தேன், அவரு துபாய்ல இருக்கறாருன்னாராம்.

— துபாய்ல எதுக்குடி பட்டுச் சால்வை? வெயில்ல போத்திக்கவா?

— பாத்தியா, உனக்கே சிரிப்பு வருது.

— எனக்குச் சிரிப்பு வரல.

— எங்க போச்சுன்னு கண்ணால பாத்துச் சொல்லக்கூடிய சால்வை ஒண்ணே ஒண்ணுதான். அவரு மேல போட்டது.

— அத்தப் பேசாத.

— ஏன் பேசக்கூடாது? மெட்ராஸ்லேர்ந்து வர்ற பஸ்ஸுலயே அவரு போயிட்டாரு. ஆற்காடு தாண்டறப்போ தோள்ல சாஞ்சாராம், பக்கத்துல இருந்தவரு தூக்கம்னு நெனச்சுகினாராம். கூடத்துல கெடத்தி இருக்குது. தெருக்காரங்க ஒருத்தர் ரெண்டு பேர் தவிர யாரும் வரல. அப்பதான் காரு காரா வந்து எறங்கினாங்க. எந்தத் தொகுதி எம்.எல்.ஏ.ன்னுகூட எனக்குத் தெரியாது. கேஸ் போட்டவருக்கே மரியாதை பண்றேன்னு சொல்லிகினே வந்தாரு. கூடவே போட்டோக்காரன்.

— பெரிய மனுசன் வூடு தேடி வந்தான். வராதன்னு சொல்றதா?

— சபையில குடுத்த அந்தச் சால்வை டப்பாவப் பிரிச்சு எம்.எல்.ஏ. கையில எடுத்துக் குடுத்தது நீ.

— குடுன்னாங்க, குடுத்தேன்.

— எத்த எதுத்து அந்த மனுசன் அஞ்சு வருஷம் அலைஞ்சாரோ, அத்தையே அவரு மேல போத்தறாங்க. அவரால உருவிப் போட முடியாது. என்னால முடியும். எழுந்திருக்கப் பாத்தேன். நீ என்னப் பாத்து கண்ணாலயே, கம்முனு கெடன்னு சொன்ன. நானும் கம்முனு கெடந்தேன். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அத்தக் கிழிச்சு அடுப்புல போட்டேன், ஆனா ஊரு பூரா பாத்துட்டாங்களே.

— அம்மா! டைப்பு சாரம்மா!

— யாரு, சின்னபொண்ணா? படல் தெறந்துதான் இருக்குது, வா.

— இங்கயே நிக்கறேம்மா. மொதலாளி வேற கீறாரு. இந்தாங்க, உங்க சீலை. எனக்கு வேணாம்.

— ஏன்? மாத்துக்குத்தானே குடுத்தேன்?

— இத்தக் கட்டிகினு நான் எந்தத் தெருவுல நடக்கறது, சொல்லுங்க. எந்த வூட்டுல திருடினன்னு கேக்க மாட்டாங்களா? எங்க ஆளும் ஏசிட்டாரு. சாரு மேலேர்ந்து எடுத்ததுக்கு மாத்து வாங்கினியா, புத்தி இருக்குதான்னு. மழை பேஞ்சா பொணத்தத் தூக்கிகினு சேத்துல வழுக்கி வழுக்கிப் போவோமே, அந்தப் பாதைக்கு மனு எழுதிக் குடுத்தது சாருதானேம்மா. டைப்புக் கூலிகூட வாங்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா அவரே கொண்டாந்து குடுத்திருப்பாரு. நீங்க வந்து நின்னது எங்களுக்குத்தான் பேஜாராப் போச்சு.

— நான் வந்து நின்னதுல உனக்கு என்னா சின்னபொண்ணு? வெக்கம் எனக்குத்தானே.

— வெக்கமெல்லாம் எதுக்கும்மா. கோர்ட்டுக்கு வேணும்னீங்க, எடுத்துகினு போங்க. ஆனா ஒண்ணு. அது ஒண்ணும் சொகமான துணி இல்ல. பளபளன்னு கீதேன்னு பேரப் புள்ளைக்குத் தூளி கட்டினேன். ஒரு தபா தண்ணியில நனைச்சதும் ஈரக் காயிதமாட்டம் தொவண்டு, ஓரத்துல பிஞ்சுகிச்சு. இவ்ளோதானா பட்டுன்னு எங்க தெருவுல சிரிச்சாங்க.

— ஏய், பட்டத் தொவைக்கத் தெரியுமா உனக்கு? கல்லுல போட்டு அடிச்சிருப்ப. வந்த வேலை முடிஞ்சுதுன்னா போ.

— நமக்கு எங்க மொதலாளி பட்டு தெரியும். நெய்யற நீங்க சொன்னா சரிதான். நான் வரேம்மா. சீலைய இந்தத் தொவைக்கற கல்லு மேல வெச்சிருக்கிறேன், எடுத்துக்கோங்க.

— இரு சின்னபொண்ணு. ஒரு டம்ளர் மோரு... போயிட்டா. ஏண்ணா அவகிட்ட அப்பிடி எரிஞ்சு விழற?

— பின்ன இன்னா? பட்டப் பத்தி எனக்கே பாடம் சொல்றா. தா பாரு ரேணு, இப்ப நான் சொல்றத நல்லாக் கேளு. இந்தச் சால்வைய நீ கோர்ட்டுக்கு அனுப்பாத.

— அனுப்பாம?

— நெருப்புல போட்டுடு. பொணத்தோட எரிய வேண்டியது, பின்னால எரிஞ்சுதுன்னு போவட்டும். காத்தவராயன்கிட்டயே இல்லன்னு வக்கீலுக்குச் சொல்லிடு.

— ஏன்?

— ஏன்னா? நெய்ஞ்சது நான்னு எல்லாருக்கும் தெரியும். கேஸு தோத்தா ஊரு என்னக் கேலி பண்ணும். ஜெயிச்சா, அந்தப் பணத்த வசூல் பண்ணுன்னு என் வாசலுக்கு வருவாங்க. நமக்கு இனிமே கவர்மெண்டு ஆர்டரே வராது. எத்தினி தறி நிக்கும், யோசிச்சியா?

— அத்தப் பத்தி வக்கீல்கிட்ட சொல்லிட்டேண்ணா. உனக்கு ஒண்ணும் வராது. நான் கையெழுத்துப் போடற பத்திரத்துல உனக்காகவே ஒரு வரி சேக்கச் சொன்னேன்.

— இன்னா வரி?

— சால்வை நெய்ஞ்சது என் அண்ணன். அவரு கேட்டத நெய்ஞ்சு குடுத்தாரு. இதுல நடந்த தப்பு எதுவும் அவருக்குத் தெரியாது. இப்பிடி.

— வக்கீலு இன்னா சொன்னாரு?

— இது சத்தியப் பிரமாணம்மா, உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, இல்லன்னா அந்த வரிய எடுத்துடலாம்னாரு. அவரு போளூர்த் திருமலைப் பக்கத்து நயினாரு, சமணரு. வெளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டாரு.

— நிச்சயம்தான்னு சொல்றதுதானே?

— சாயங்காலம் சொல்றேன்னு சொல்லியிருக்கிறேன். அவரு இங்க ஆரணிக் கோர்ட்டு முடிஞ்சு வர்ற நேரம்தான்.

— சாயங்காலம் வரைக்கும் யோசிக்க அதுல இன்னா கீது? கூடப் பொறந்த அண்ணனுக்கு ஒரு வரி எழுத யோசனையா?

— நீயே சொல்லேன். நிச்சயம்தானே?

— அப்பன் ஆத்தா சத்தியமா நிச்சயம்டி. ஆனா வரியெல்லாம் நாளைக்கு நிக்குமா? பேப்பர்ல என் பேரு வரும். போளூர்க்காரங்க நம்ம கற்பகத்தப் பாத்துட்டுப் போயிட்டாங்க. ஆவணியில நிச்சயதார்த்தம். பேப்பர்ல பேரு வந்தா அவங்க வருவாங்களா? உன் அண்ணன் பொண்ணுடி அவ. உன் மடியில வளந்தவ.

— தெரியும்ணா.

— மாப்ளைக்கு நான் இன்னா கொறை வெச்சேன், சொல்லு. எமர்ஜென்சியிலகூட வாயத் தொறக்காத மனுசன், திடீர்னு சர்க்காரு மேல கேஸ் போட்டான். நான் ஒரு வார்த்த கேக்கல. டைப்பு கிளாஸுக்கு ஊருல ஒருத்தனும் புள்ளைங்கள அனுப்பாதப்போ என் பொண்ண அனுப்பினேன். உங்க கல்யாணத்துக்கு என் கையால அங்கவஸ்திரம் நெய்ஞ்சேனே. அப்ப எனக்கு மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. தறிக் குழியில எறங்கினவன் முகூர்த்தத்துக்குத்தான் ஏறினேன். அப்பா தடவிப் பாத்துட்டு, டேய், இதான்டா பட்டுன்னாரு. அந்த மனுசன் அதுக்கப்புறம் என்ன ஒரு தபாகூட மெச்சினதில்ல.

— அத்த இவரு மடிப்புக் கலையாம வெச்சிருந்தாருண்ணா. வருஷத்துக்கு ஒரு வாட்டி வெளிய எடுத்து நெழல்ல காய வெப்பாரு. உங்க அண்ணன் கை மாதிரி ஆரணியில ஒரு கை இல்லன்னுவாரு. கேஸ் போட்டப்புறமும் சொன்னாரு.

— சொன்னானா?

— சொன்னாரு. உன்மேல அவருக்கு ஒரு நாளும் கோவம் இல்ல.

— அழாதடி. தா பாரு, நீ அழுதா எனக்கும்... அடச்சே. ரேணு, உன் கால்ல விழறேன். இத்த எரிச்சுடலாம். கற்பகத்துக்காவ.

— எழுந்திருண்ணா. பெரியவன் என் கால்ல விழறதா? எழுந்திரு. சரி. எரிச்சுடு.

— நெசமாவா?

— ஆனா நான் போட மாட்டேன். அவரு கேஸ என் கையால கொளுத்த மாட்டேன். வேணும்னா உன் கையால போடு.

— நான் எப்பிடித் தொடறது? காப்பு கட்டின கை. சுடுகாட்டுத் துணி.

— தொட வேணாம். பழைய வேட்டியில சுத்தித்தான் இருக்குது. அந்த வெறகுக் கட்டையால உள்ள தள்ளு. அடுப்பு எரிஞ்சுகினுதான் இருக்குது.

— பிரிச்சுப் பாக்க வேணாமா?

— பாக்கறதுன்னா பாரு. அவரு மேலேர்ந்து எடுத்தது. ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சத் தண்ணி கறை இருக்கும்.

— வேணா வேணா. கட்டையக் குடு. படவேட்டுத் தாயே, மன்னிச்சுக்கோ. ம். இன்னும் கொஞ்சம் தள்ளணும். புடிச்சுகிச்சு பாரு.

— தள்ளி நில்லுண்ணா, பொறி பறக்குது.

— வேட்டி எரிஞ்சுடுச்சு. உள்ள இருக்கறதுதான் பொகையுது... ஹுக். இன்னாடி இது?

— என்னா?

— இன்னா நாத்தம் இது? முடி கருகறாப்புல.

— பட்டுதானேண்ணா. பட்டு கருகினா முடி கருகற நாத்தம்தான் வரும். ஆரணியில பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும்.

— அது தெரியும்டி. ஆனா இதுல எப்பிடி வரும்? இதுல வரக்கூடாதே.

— ஏன் வரக்கூடாது?

— இல்ல... அது...

— சொல்லுண்ணா. ஏன் வரக்கூடாது?

— பழைய துணி. நனைஞ்சது. அதான் கேட்டேன்.

— நனைஞ்சா பட்டு பட்டு இல்லாம போயிடுமா?

— இரு, கெளறிப் பாக்கறேன்.

— அந்தச் சால்வையிலேர்ந்து ஒரு நூல் இழுத்து வெளக்குல காட்டினேண்ணா, கொண்டாந்த அன்னிக்கே. சுருங்கல, நாறல. காயிதமாட்டம் சுர்ருன்னு எரிஞ்சு வெள்ளைச் சாம்பலா உதுந்துச்சு. அப்புறம் நீ போட்ட கோடியிலயும் ஒரு நூல் இழுத்தேன். அண்ணன் போட்ட கோடியச் சோதிக்கறேனேன்னு எனக்கே வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. அது பட்டுதான். மூக்க மூடிகினு அழுதேன், நீ எனக்கு நல்லதுதான் போட்டன்னு.

— ரேணு...

— நூல் குடுத்த சேட்டு உன்ன ஏமாத்தியிருக்கலாம். ஆபீஸுல மாத்தியிருக்கலாம். உனக்குத் தெரியாமலே இருக்கலாம்னு எனக்கு நானே சொல்லிகினேன். தெரியாதவனா இருந்தா, இந்த நாத்தம் வந்ததும் மூக்க மூடிகினு, சரி, எரிஞ்சுதுன்னு போயிருப்ப. நீ போயிடணும்னு அம்மன வேண்டிகினேதான் இங்க நின்னேன்.

— ஆர்டர் குடுத்தவன் சொன்னான்டி. பில்லுல பட்டுன்னு போடு, தறியில போலிப் பட்டு, ஆர்ட் சில்க் ஓட்டு, மிச்சம் மேல வரைக்கும் போவணும்னான். மாட்டேன்னா ஆர்டரு வேற ஊருக்குப் போயிடும். தறி நின்னுகினு கீது. என்ன இன்னா பண்ணச் சொல்ற?

— அவருகிட்ட வந்து சொல்லியிருக்கலாம்.

— எப்பிடிச் சொல்றது? அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தாலே என்னால முடியாது. டப்பாவப் பிரிச்சுக் குடுத்தேனே, அன்னிக்கு அவன் பக்கம் திரும்பாமதான் குடுத்தேன். கடைசித் துணிகூட அவனுக்குப் பொய்யாப் போச்சேன்னு நெனச்சேன். உனக்குக் கோடி எடுக்கறப்போ, கெடைக்கறதுலயே நல்ல பட்டா எடுன்னு அதனாலதான்... சரி வுடு. எல்லாம் இப்ப எரிஞ்சுதானே போச்சு.

— சால்வை எரியலண்ணா, நீ எரிக்கத்தான் சொல்லுவன்னு தெரிஞ்சு மூட்டையில வேற துணி வெச்சேன். விடிகாலை மொத பஸ்ஸுலயே வக்கீல் குமாஸ்தா மெட்ராஸுக்கு எடுத்துகினு போயிட்டாரு.

— போயிடுச்சா?

— கோர்ட்டுல அவங்களும் ஒரு நூல் இழுத்துப் பாப்பாங்க. படல் பக்கம் யாரோ வர்றாங்க பாரு, வக்கீல் சாராத்தான் இருக்கும். உனக்குத் தெரியாதுன்னு எழுதின அந்த ஒரு வரிய எடுத்துடச் சொல்லணும்.

— ரேணு, இரு. இரு. அப்ப இப்ப நான் அடுப்புல தள்ளினது இன்னா துணி? முழுசும் கருகிப் போச்சேடி. சொல்லு, இன்னா துணி அது?

— எங்க கல்யாணத்துக்கு நீ நெய்ஞ்ச அங்கவஸ்திரம்ணா.